அந்தப் பாடத்தை நடத்தாத வாத்தியார் எழுதுகிறேன்



இது நீளமான பதிவு. படித்து முடித்ததும் "சாருக்கு வயசாயிடுச்சு, ஏதேதோ எழுதுறார்" என்று சிலர் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். பதிவை வெளியிடும் முன் என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார், திருத்திவிட்டேன். மற்றவர்கள் சம்மதம் எனக்குத் தேவைப்படவில்லை.

போன வாரம் எங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சின்னக் கலவரம். ஒரு பெண் மனநல மருத்துவர் பேசிய காணொளியை யாரோ பகிர்ந்துவிட்டார். தாம்பத்தியத்தில் சிக்கல் இருந்தால் மறைக்காதீர்கள், அதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள், கணவனும் மனைவியும் சேர்ந்து வாருங்கள் என்று அந்த அம்மா நாலு நிமிடம் பேசியிருந்தார். ஆபாசமாக ஒரு சொல் இல்லை. அதற்கு நம் ஆட்கள் போட்ட பதில்களைப் பாருங்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி. நம்ம தாத்தா பாட்டி எந்த டாக்டரைப் பார்த்தாங்க?"

"நாலு சுவத்துக்குள்ள பேசித் தீர்க்க வேண்டியதை ரோட்டுக்குக் கொண்டு வர்றாங்க."

"பேரன் பேத்தி எடுத்த குரூப்ல இது தேவையா? அட்மின் நீக்கவும்."

அட்மின் நீக்கிவிட்டார். அதே குழுவில் மூலம், பௌத்திரம், சிறுநீரில் சர்க்கரை, மலச்சிக்கலுக்குக் கடுக்காய் என்று தினம் காலையில் பதிவு வருகிறது. அதை யாரும் நீக்கச் சொல்வதில்லை. ஆக, உடம்பைப் பற்றிப் பேசுவதில் நமக்கு வெட்கமில்லை. ஒரே ஒரு இடத்தைப் பற்றிப் பேசத்தான் வெட்கம். அந்த வெட்கத்தின் விலை என்ன, அதை யார் கட்டுகிறார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

33 வருடம் மேல்நிலைப் பள்ளிகளில் விலங்கியல் நடத்தினேன். கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகளைப் பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். தவளையின் இதயம், மண்புழுவின் நரம்பு மண்டலம், எதையும் விட்டதில்லை. மனித இனப்பெருக்கம் என்ற பாடம் வந்தால் மட்டும், "இது ஈசியான பாடம், வீட்டுல படிச்சுக்குங்க. அஞ்சு மார்க் கேள்வி வரும், படத்தை மட்டும் போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். பின் பெஞ்சில் சிரிப்பார்கள். நானும் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவேன். 33 வருடத்தில் ஒரு வருடம்கூட அந்தப் பாடத்தை நான் முழுசாக நடத்தியதில்லை. தமிழய்யாக்களும் அப்படித்தான். திருக்குறளில் காமத்துப்பால் 25 அதிகாரம், 250 குறள். எத்தனை வகுப்பில் அதைக் கேட்டிருக்கிறீர்கள்?

நாங்கள் நடத்தாததால் பிள்ளைகள் படிக்காமல் இருந்துவிட்டார்களா? இல்லை. பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் படித்தார்கள். இரவு பதினொன்றரைக்கு டிவியில் வந்த வைத்தியர்களிடம் படித்தார்கள். இப்போது செல்போனில் ஓடும் அந்த மாதிரி படங்களில் படிக்கிறார்கள். நாங்கள் காலியாக விட்ட நாற்காலியில் அவர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

2019இல் ஒருநாள் என்னிடம் படித்த ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர், ஊர், வேலை எதுவும் சொல்லப் போவதில்லை. எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சார், நாலு பேருக்கு உதவும்" என்றான். கல்யாணமாகி அப்போது நாலு வருடம். அவன் மாமனாரும் ஆசிரியர், எனக்குப் பழக்கம். விவாகரத்து வரை வந்துவிட்டது, நீங்கள் பேசினால் மாமனார் கேட்பார் என்று என்னை மத்தியஸ்தத்துக்குக் கூப்பிட வந்திருந்தான்.

என்னடா பிரச்சினை என்றேன். "ஒத்து வரல சார்" என்றான். குடிக்கிறாயா, இல்லை. கை நீட்டினாயா, இல்லை. வரதட்சணையா, இல்லை. பெண்ணுக்கு வேறு எங்காவது விருப்பம் இருந்ததா என்றதற்கு, "அவ ரொம்ப நல்லவ சார்" என்று சொல்லும்போதே அவன் குரல் உடைந்துவிட்டது. அப்புறம்தான் சொன்னான். நாலு வருடமாக அவர்களுக்குள் அது நடக்கவே இல்லை.

முயற்சி செய்யும்போதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு உடம்பு இறுகிவிடும். வலியில் அழுதுவிடுவாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அவளுக்கே காரணம் தெரியவில்லை. இவன் முதலில் தன்னிடம் குறை என்று நினைத்தான். கல்யாணத்துக்கு முன் இருந்த சுயஇன்பப் பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று சுவர் நோட்டீஸில் படித்தது மண்டையில் இருந்தது. மாதத்தில் இரண்டு நாள் லாட்ஜில் அறை எடுத்து "ஆண்மைக் குறைவு" பார்க்கும் ஒருவரிடம் போனான். அவர் நாடி பார்த்தார், லேகியம் கொடுத்தார், எண்ணெய் கொடுத்தார். மூன்று தவணையில் 64,000 ரூபாய் வாங்கினார். மனைவியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. இவன் மனைவியின் நெக்லஸை அடகு வைத்திருந்தான். எதற்கு என்று அவளிடம் சொல்லவும் முடியவில்லை.

இந்தப் பக்கம் மாமியார் அவளைக் கோவில் கோவிலாக அழைத்துப் போனார். தொட்டில் கட்டினார். அரச மரம் சுற்ற வைத்தார். மூன்றாம் வருடம் ஒரு கருத்தரிப்பு மையத்துக்குக் கூட்டிப் போனார்கள். ரத்தப் பரிசோதனை, விந்துப் பரிசோதனை, ஸ்கேன் என்று எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். "உங்களுக்குள் உறவு நடக்கிறதா? வலி இருக்கிறதா?" என்று தனியாக உட்காரவைத்து அங்கே ஒருவரும் கேட்கவில்லை என்றான். கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கடைசியில் பெண் வீட்டார் வக்கீலைப் பார்த்துவிட்டார்கள்.

கவனியுங்கள். வைத்தியருக்குப் போனார்கள், சாமிக்குப் போனார்கள், ஆய்வகத்துக்குப் போனார்கள், வக்கீலுக்கும் போனார்கள். போக வேண்டிய ஒரே இடத்துக்கு மட்டும் போகவில்லை. அப்படி ஒரு இடம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. இருவருமே பட்டதாரிகள்.

மத்தியஸ்தம் பேச நான் மறுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக மதுரையில் ஒரு மனநல மருத்துவரின் விவரம் கொடுத்தேன், பாலியல் சிகிச்சையில் பயிற்சி உள்ளவர். அந்த விவரம் என்னிடம் எப்படி இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். "உன் மனைவி வர மறுத்தால் நீ மட்டும் முதலில் போ" என்றேன். அவள் மறுக்கவில்லை. "இப்படி ஒரு டாக்டர் இருக்கிறது தெரிஞ்சிருந்தா முதல் வருஷமே வந்திருப்பேனே" என்று கேட்டாளாம்.

அந்தப் பெண்ணுக்கு இருந்தது வெஜைனிஸ்மஸ். இடுப்புத் தளத் தசைகள் தன்னிச்சையாக இறுகிக்கொள்வது. கண்ணில் தூசி பறந்து வந்தால் இமை தானாக மூடுவதுபோல, அவள் உத்தரவு கேட்காமலே உடம்பு மூடிக்கொள்கிறது. பயம், வலியின் ஞாபகம், சின்ன வயதில் கேட்ட எச்சரிக்கைகள், சிலருக்குப் பழைய கொடுமைகள் என்று காரணம் பல. சிலருக்குக் காரணமே தெரியாது. இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. வலிக்கு வேறு உடல் காரணம் இல்லை என்று மகப்பேறு மருத்துவர் பார்த்து உறுதி செய்தார். பிறகு உடலமைப்பைப் புரியவைத்தல், மூச்சு, தசையைத் தளர்த்தும் பயிற்சி, சிறிய அளவிலிருந்து படிப்படியாகப் போகும் டைலேட்டர் என்ற சாதனம். எல்லாம் வீட்டில், அவள் கையால், அவள் வேகத்தில். கணவனுக்கும் பயிற்சி உண்டு. அவசரப்படாமல் இருக்கும் பயிற்சி. சுமார் எட்டு மாதம் ஆனது. விவாகரத்துப் பேச்சு நின்றது.

குழந்தை பிறந்ததா என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியைத் தவிர வேறு கேள்வி கேட்கத் தெரியாததால்தான் நாலு வருடம் அந்தப் பெண் அரச மரம் சுற்றினாள்.

இப்போது நம் குழுவினருக்குப் பதில்.

ஒன்று, வெள்ளைக்காரன் வியாதி என்கிறீர்கள். விந்து வெளியேறினால் உடம்பே போய்விடும் என்ற பயத்தில் களைப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று வரும் நம் ஊர் இளைஞர்களைப் பார்த்து, "தாத் சிண்ட்ரோம்" என்று 1960இல் பெயர் வைத்தவர் இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக். தாது என்ற நம் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மும்பையில் மகப்பேறு மருத்துவர் மஹிந்தர் வாட்சா, எண்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு நாளிதழில் பாலியல் சந்தேகங்களுக்குப் பதில் எழுதத் தொடங்கி, 2020 டிசம்பரில் 96 வயதில் இறந்தார். நம் தமிழிலேயே மனநல மருத்துவர் மாத்ருபூதமும் மருத்துவர் ஷர்மிளாவும் விஜய் டிவியில் "புதிரா புனிதமா" நடத்தவில்லையா? பிள்ளைகள் தூங்கியதும் சத்தத்தைக் குறைத்து வைத்து அதைப் பார்த்தவர்கள்தானே நீங்களும் நானும்? கேள்விகள் வெள்ளைக்காரனிடமிருந்து வரவில்லை. நம் ஊரிலிருந்துதான் வந்தன.

தாத்தா பாட்டி டாக்டரைப் பார்க்கவில்லை என்பது உண்மை. அவர்கள் கண்புரைக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. தடவித் தடவி நடந்து செத்தார்கள். தாம்பத்தியம் சரியில்லாத பாட்டிகளுக்கு என்ன நடந்தது? "மலடி" என்ற பட்டம் கிடைத்தது. தாத்தாவுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்தது. குறை யாரிடம் என்று யாரும் பார்க்கவில்லை. இந்தப் பழம்பெருமையைக் கொஞ்சம் யோசித்துப் பேசுங்கள்.

இரண்டு, நாலு சுவருக்குள் பேசித் தீர்க்க வேண்டும் என்கிறீர்கள். மிகச் சரி. பேசினீர்களா?

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு 48 வயதில் சர்க்கரை வந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட மாட்டேன். 53 வயதில் விறைப்புக் குறைய ஆரம்பித்தது. ஓரிரு முறை முடியாமல் போனது. அதன் பிறகு முயற்சி செய்யவே பயம். ராத்திரி பேப்பர் திருத்துகிறேன், டிவி பார்க்கிறேன் என்று ஹாலில் உட்கார்ந்தேன். பிறகு ஹாலிலேயே பாய் போட்டுப் படுத்தேன். முதுகுவலி என்று காரணம் சொன்னேன். அப்படியே நாலு வருடம். விலங்கியல் வாத்தியார், உடலியங்கியல் கரைத்துக் குடித்தவன், மனைவியிடம் ஒரு வாக்கியம் சொல்லவில்லை. எரிச்சல் மட்டும் வந்தது. குழம்பில் உப்பு, துணியில் மடிப்பு என்று எதற்கெடுத்தாலும் கத்தினேன்.

2016இல் சர்க்கரை நோய் மருத்துவர் ஒருவரை மாற்றிப் பார்த்தேன். கால் பாதத்தைத் தொட்டுப் பரிசோதித்தார், கண்ணைப் பார்க்கச் சொன்னார். பிறகு மருந்துச்சீட்டு எழுதிக்கொண்டே, அதே குரலில், "தாம்பத்தியம் எப்படி இருக்கு சார்? விறைப்பு சரியா இருக்கா?" என்றார். பாதத்தைக் கேட்டதுபோலவே கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. தலையை மட்டும் ஆட்டினேன். "சர்க்கரை உள்ளவங்களுக்குச் சாதாரணமா வர்றதுதான். மேடத்தோட ஒருநாள் வாங்க" என்றார்.

அவர்தான் விளக்கினார். விறைப்பு என்பது ரத்த ஓட்டமும் நரம்பும் சேர்ந்து செய்யும் வேலை. சர்க்கரை இரண்டையும் கெடுக்கும். அந்த ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை. அதனால் அடைப்பு முதலில் அங்கே தெரியலாம். மாரடைப்புக்குச் சில வருடம் முன்பே உடம்பு மணி அடிக்கிறது. நாம் வெட்கப்பட்டு அந்த மணியைத் துணி போட்டு மூடுகிறோம். எனக்கு இதயப் பரிசோதனை செய்தார்கள், நல்லபடியாக இருந்தது. எல்லோருக்கும் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. ரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்றும் காரணமாக இருக்கலாம் என்று அதை மாற்றினார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வந்தார்கள். பிறகு அவரே மதுரைக்கு அனுப்பினார். அந்த மருத்துவரின் விவரம்தான் மூன்று வருடம் கழித்து அந்தப் பையனுக்கு உதவியது. நான் போய் வந்திராவிட்டால் அவனிடம் "பொறுத்துப் போப்பா, எல்லாம் சரியாயிடும்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதல் நாள் மருத்துவர் எங்கள் இருவரிடமும் தனித்தனியாகப் பேசினார். பிறகு சேர்ந்து உட்காரவைத்தார். அப்போதுதான் என் மனைவி சொன்னார்: "நாலு வருஷமா என்னைப் பிடிக்காமப் போச்சு, கிழவியாயிட்டேன், அதான் ஹாலுக்குப் போயிட்டார்னு நினைச்சேன். வேற யாராவது இருக்காங்களோன்னுகூட நினைச்சேன் டாக்டர்." என்னைப் பார்க்காமல் மருத்துவரைப் பார்த்தே சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். மாதவிடாய் நின்றபின் அவருக்கு வறட்சியும் வலியும் இருந்திருக்கிறது. அதை என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்டதும் இல்லை. அதற்கும் எளிய மருந்து இருந்தது.

30 வருடம் குடும்பம் நடத்திய இரண்டு பேர், நாலு சுவருக்குள் பேசிக்கொள்ளாத ஒன்றை ஐந்தாவது சுவர் உள்ள ஒரு அறையில், மூன்றாவது மனிதர் முன்னால் பேசினோம். நாலு சுவருக்குள் பேச முடிந்தவர்களுக்கு டாக்டர் தேவையில்லைதான். பேச முடியாதவர்களுக்காகத்தான் டாக்டர்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டதா? இல்லை. 57 வயதில் 27 திரும்பி வராது. ஆனால் ஹாலில் இருந்த பாயைச் சுருட்டி வைத்தேன். உப்புக்காகக் கத்துவது நின்றது. இதைத்தான் சிகிச்சை என்கிறேன்.

மூன்று, பேரன் எடுத்தவர்களுக்கு இது எதற்கு என்றீர்கள். மேலே படித்ததே அதற்குப் பதில்.

அங்கே என்னதான் நடக்கும் என்று பலருக்குப் பயம். விபரீதமாக ஏதோ செய்யச் சொல்வார்கள் என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் இந்தச் சிகிச்சை முறையை வகுத்து 1970இல் புத்தகமாக எழுதினார்கள். தம்பதியில் ஒருவரைக் குற்றவாளியாக்காமல் இருவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இன்றைக்கும் நடப்பது ஏறக்குறைய இதுதான்: முதலில் கேள்விகள். நோய், மாத்திரைகள், தூக்கம், குடி, மனக்கவலை, எப்போதிலிருந்து, எந்தச் சூழலில் என்று கேட்பார்கள். தேவையென்றால் ரத்தப் பரிசோதனை. உடல் பரிசோதனை தேவைப்பட்டால் மருத்துவர்தான் செய்வார், உங்கள் சம்மதத்தோடு. உங்களுக்கு வேண்டுமென்றால் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். மற்றபடி பேச்சுதான். வீட்டுப்பாடம் கொடுப்பார்கள், அதை உங்கள் வீட்டில் நீங்கள் இருவர் மட்டும் செய்வீர்கள். பல தம்பதிகளுக்கு முதல் வீட்டுப்பாடமே "சில வாரம் உடலுறவு வேண்டாம்" என்பதுதான். கையைப் பிடிப்பது, முதுகைத் தடவுவது, எது பிடிக்கிறது எது பிடிக்கவில்லை என்று வாயால் சொல்வது. பரீட்சை இல்லை என்று தெரிந்தால் பயம் போகும், பயம் போனால் பாதிக் குறை போகும். சிகிச்சை அறையில் யாராவது ஆடையைக் களையச் சொல்லி, பயிற்சி என்ற பெயரில் தொட வந்தால், அது சிகிச்சையே அல்ல. எழுந்து வந்து புகார் செய்யுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விருப்பமில்லாத மனைவியைச் "சம்மதிக்க வைக்கும்" வேலை இதுவல்ல. அடி, மிரட்டல், பலவந்தம் உள்ள வீட்டுக்கு முதலில் தேவை பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181 அதற்குத்தான் இருக்கிறது.

இனி அந்த லாட்ஜ் வியாபாரம். பாலுறவு இன்பத்துக்கான திறனைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதையே தடை செய்யும் சட்டம் இந்த நாட்டில் 1954 முதல் இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் என்று பெயர். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை ஒரு வருடம் வரை. எழுபது வருடமாகச் சட்டம் இருக்கிறது, சுவரில் நோட்டீசும் இருக்கிறது. ஏன்? 64,000 ரூபாய் ஏமாந்தவன் காவல் நிலையத்தில் போய், "ஐயா, ஆண்மைக் குறைவுக்கு மருந்து வாங்கி ஏமாந்தேன்" என்று எழுதிக் கொடுப்பானா? கொடுக்க மாட்டான். அது அந்த வியாபாரிக்குத் தெரியும். அவன் முதலீடு லேகியம் அல்ல, நம் வெட்கம். முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த, ஆயுர்வேத மருத்துவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் பெயரையும் கெடுப்பவர்களைச் சொல்கிறேன்.

பணம் மட்டும் போனால் பரவாயில்லை. மூலிகை என்று விற்கப்படும் பொருள்களில் சில்டெனாஃபில் மருந்து ரகசியமாகக் கலந்திருந்ததை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. 1998இல் வயாகரா என்ற பெயரில் வந்ததே, அதே மருந்துதான். மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் நல்ல மருந்து. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து உயிருக்கே ஆபத்து. லாட்ஜில் இருப்பவர் நீங்கள் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்பாரா? மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிப் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

நீதிமன்றத்தையும் பாருங்கள். இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், எதிர்த்தரப்பின் இயலாமையால் தாம்பத்தியம் நிறைவேறாத திருமணத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். தேவைப்படுகிறவர்களுக்கு அந்த வழி இருக்க வேண்டியதுதான். ஆனால் எத்தனை பேர் மருத்துவரின் அறையில் அடங்கிய குரலில் சொல்லி முடித்திருக்க வேண்டியதைக் குடும்ப நீதிமன்றத்தில் மனுவாக எழுதிப் படிக்கிறார்கள்? சந்தி சிரிப்பது டாக்டரிடம் போனதால் அல்ல. போகாததால்.

"சார், சொல்றது சுலபம், எங்க ஊர்ல யார் இருக்காங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரிய நகரங்களைத் தாண்டினால் இதில் தேர்ந்தவர்கள் குறைவுதான். தனியாரில் செலவும் ஆகும். ஆனால் தொடங்க ஒரு வழி உண்டு. சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்குப் பார்க்கும் உங்கள் மருத்துவரிடமே முதலில் சொல்லுங்கள். பெண்களுக்கு வலி இருந்தால் மகப்பேறு மருத்துவர், ஆண்களுக்குச் சிறுநீரகவியல் மருத்துவர், பயம், பதற்றம், மனத்தாங்கல் என்றால் மனநல மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவின் புறநோயாளி சீட்டுக்குக் காசில்லை. 2022இல் தொடங்கிய டெலிமானஸ் எண் 14416க்கு இலவசமாகக் கூப்பிட்டு, எங்கே போகலாம் என்று கேட்கலாம்.

பெயர்ப்பலகையில் "செக்ஸாலஜிஸ்ட்" என்று போட்டிருப்பது மட்டும் போதாது. மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். முதல் நாளே உத்தரவாதம் தருகிறவர், பரிசோதிக்காமல் மூன்று மாத மருந்தை மொத்தமாக விற்கிறவர், மனைவியை அழைத்து வர வேண்டாம் என்கிறவர், இந்த மூவரிடமும் உட்காராதீர்கள்.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்னைக் கேட்ட அந்த ஒரு கேள்வியை எல்லோரையும் கேளுங்கள். நாங்களாகச் சொல்ல மாட்டோம். நீங்கள் கேட்டால் தலையையாவது ஆட்டுவோம்.

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு: அந்தப் பாடத்தை நடத்துங்கள். சிரிப்பார்கள், ஐந்து நிமிடம் சிரிக்கட்டும். ஆறாவது நிமிடம் கவனிப்பார்கள். நான் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பயந்து 33 வருடத்தைக் கோட்டை விட்டேன். ஒரு வகுப்புக்கு நாற்பது பேர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதில் எத்தனை பேர் லாட்ஜ் மாடிப்படி ஏறினார்களோ, எத்தனை பேர் ஹாலில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார்களோ.

என் பழைய மாணவர்களுக்கு: கமெண்டில் எதுவும் எழுத வேண்டாம். உங்களில் யாருக்காவது தேவை இருந்தால் உள்பெட்டியில் வாருங்கள். பெண்கள் என் மனைவியிடம் பேசலாம், அவரே சொல்லச் சொன்னார். நாங்கள் மருத்துவர்கள் அல்ல. சிகிச்சை சொல்ல மாட்டோம். போக வேண்டிய வாசலைக் காட்டுவோம். போய் வந்தவர்கள் என்ற முறையில்.

குழு அட்மின் நண்பருக்கு: இதையும் குழுவில் பகிரப் போகிறேன். நீக்குவதானால் நீக்குங்கள். நாளைக் காலை கடுக்காய்ப் பதிவுக்கு வழக்கம்போல வணக்கம் போடுகிறேன்.